நான்கும் ஒரே குரலில்

வாக்குப்பெட்டியை மேஸ்தியாவில் இறக்கிவைத்துவிட்டு
ரசீதுகூட வாங்காமல்
நேரே என் கொட்டகைக்கு வந்திருக்கிறாய், எத்தேரி.
"பிரேக்குக்கு அடியில் ஏதோ உயிரோடு கிடக்கிறது"
என்கிறாய்.
அது கேள்வி இல்லை.
ஆனாலும் பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் எங்கோ அடிபட்டு
ஏலத்தில் போய், கப்பலேறி,
ருஸ்தாவி சந்தையில் மூக்கு நசுங்கி நின்ற ஜீப்.
முப்பது வயது தாண்டியாயிற்று.
இதன் மஞ்சள் விளக்கு எரிந்தால் கவலைப்படு.
எரியவே இல்லையென்றால்
பல்பு போயிருக்கிறதா என்று பார்.

ஒவ்வொரு சக்கரத்துக்கு உள்ளேயும்
பல்வைத்த வளையம்.
நகக்கண் இடைவெளியில் ஒரு காந்தம்.
பல் கடக்கக் கடக்க
ஒவ்வொரு துடிப்பாய்ப் பெட்டிக்குப் போகும்.
பெட்டிக்கு ஜன்னல் கிடையாது. பனி தெரியாது.
நாலு துடிப்புகளை எண்ணிக்கொண்டு
இருட்டில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா அது.

மூன்று சக்கரம் உருண்டுகொண்டிருக்க
ஒன்று மட்டும் சட்டென்று அடங்கினால்
அது வழுக்குகிறது.
தளர்த்து. இறுக்கு. தளர்த்து. இறுக்கு.
நீ "ஐயோ" என்பதற்குள் பலமுறை.
உன் பாதத்தில் துடித்தது அதுதான்.

ஆனால் காலா கிராமத்தைத் தாண்டியதும்
குட்டை நெம்புகோலை இழுத்திருக்கிறாய்.
நானாயிருந்தாலும் இழுத்திருப்பேன்.
இழுத்த கணத்தில்
முன் அச்சும் பின் அச்சும் ஒரே சங்கிலியில்.
நாலு சக்கரமும் சொல்லிவைத்தாற்போல்
ஒன்றாய் மெதுவாகி
ஒன்றாய் நிற்கும்.
வண்டி மட்டும்
எங்குரி ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

பெட்டி எண்ணிப் பார்க்கிறது.
நான்குக்கு நான்கு: நின்றுவிட்டோம்.
எதிர்ப்பு இல்லை. செல்லாதது இல்லை.

(பின்சீட்டில் பெட்டியை மடியில் வைத்திருந்த மூர்தாஸ்
அப்போது சிலுவை போட்டுக்கொண்டானாம்.
உஷ்குலியில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று
திறக்காமலே சொல்லக்கூடியவன்.)

பல வண்டிகளில்
அந்த நெம்புகோலை இழுத்ததுமே
ஏபிஎஸ் வாய்மூடிக்கொள்ளும்.
அதையும் தவறென்று சொல்லமாட்டேன்.
சரளையில் பூட்டிய சக்கரம்
தன் முன்னே கல்லைக் குவித்துக்கொண்டு
சீக்கிரம் நிற்கும்.
விட்டுவிட்டுப் பிடித்தால் அங்கே தூரம்தான் கூடும்.

இந்த ஜீப்பைச் செய்தவன் மட்டும்
இன்னொரு ஆளைக் கேட்க நினைத்தான்.
சாலையைத் தொடாத ஆளை.

பின்சீட்டைத் தூக்கு.
மூர்தாஸ் உட்கார்ந்த இடத்துக்குக் கீழேயே.
கட்டைவிரல் பருமன்தான்.
உள்ளே சின்னக் குழாய், லேசான ஏற்றமாய்.
அதில் ஒரு துளி பாதரசம்.

சாலை நிஜமாகவே பிடித்தால்
நாம் முன்னே சாய்வதுபோல் அதுவும்
ஏற்றத்தில் ஓடிக் கம்பியை விட்டு விலகும்.
பனி பிடிக்காது.
துளி கிடந்த இடத்திலேயே கிடக்கும்.
நாலு சக்கரமும் நின்றோம் நின்றோம் என்று கத்த
அது அசையவில்லை.
அசையாததைப் பார்த்துத்தான் பெட்டிக்குச் சந்தேகம் வந்தது.
விடு, உருளட்டும் என்றது.
உருளும் சக்கரம்தான் ஸ்டீரிங் பேச்சைக் கேட்கும்.
நீ திருப்பினாய். கேட்டது.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்.
ஆகஸ்டில் இதை மாற்றியபோது
திருப்பி மாட்டிவிட்டேன்.
மேலே அம்புக்குறி இருக்கிறது பார்,
அது வண்டியின் மூக்கைப் பார்க்க வேண்டும்.
நான் பின்னோக்கி வைத்து
திருகை இறுக்கி, சீட்டை மூடி,
வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.
பாதி ரொட்டியில் நினைவு வந்தது.
டார்ச்சோடு ஓடிவந்து மாற்றினேன்.
உன்னிடம் சொல்லவில்லை.

அப்படி முறைக்காதே.
போய் ரசீது வாங்கிக்கொண்டு வா.
இடது முன்சக்கர வளையத்தில்
மூன்று பல்லுக்கு நடுவே சேறு உறைந்திருக்கிறது.
அதற்குள் சுரண்டிவைக்கிறேன்.
எண்ணிக்கையாவது
சரியாக வரட்டும்.